வினைச்சொல்லும் காலமும்: அயன்மொழி கற்ற தொண்டர் வரலாறு தரும் பாடம்

முன்னுரை

அயன்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் பெயர்ச்சொற்களை எளிதிற் பற்றிக்கொள்வர். வீடு, நீர், சோறு, சாலை என்னும் சொற்கள் சில வாரங்களில் நாவிற் படிந்துவிடும். வினைச்சொல்லினிடத்தேதான் அவர்கள் தடுமாறுவர். நிகழ்ந்ததையும் நிகழ்வதையும் நிகழவிருப்பதையும் வேறுபடுத்திக் கூறும் முறை மொழிக்கு மொழி வேறாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடித் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும், பூவிருந்தவல்லிச் சாலையின் கட்டுமானப் பணிகளிலும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் மக்கள் இன்று நம் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். கடைத்தெருவில் அவர்கள் முதலிற் கற்பது 'வா, போ, எடு, கொடு' என்னும் ஏவல்களையே. 'வந்தேன், வருகிறேன், வருவேன்' என்னும் வேறுபாடு மெல்லப் பின்வருகிறது. அதே அம்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு அனுப்பிய தமிழ்த் தொண்டர்களோ வடநாட்டு மலைவாழ் மக்களிடையே புதுமொழிகளின் வினைகளைக் கற்று வருகின்றனர். வருவோரும் செல்வோருமாகிய இவ்விரு சாராரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை நம் நாட்டுக்கு வந்த ஐரோப்பியத் தொண்டர்கள் ஏறக்குறைய 475 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்கி, அது இறையியல் மாணவர்க்கும் ஆயர்க்கும் உணர்த்துவது யாது என ஆராய்வோம்.

1. முத்துக்குளித்துறையில் முதல் முயற்சி

போர்ச்சுக்கல் நாட்டினரான என்றீக்கு என்றீக்கசு அடிகளார் 1547ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இயேசு சபையைச் சேர்ந்த இவர் தமிழை மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசவேண்டும் எனத் துணிந்தார். வினைச்சொற்களை லத்தீன் இலக்கண முறையில் அடுக்கி எழுதிக்கொள்வதே அவர் கைக்கொண்ட வழி. லத்தீனில் உள்ள காலங்களும் வினைப்பாங்குகளும் தமிழில் எவ்வாறு அமைகின்றன எனக் கேட்டுக் கேட்டுப் பட்டியலிட்டார். அதன் பயனாக 1549ஆம் ஆண்டளவில் உருவானதே போர்ச்சுகீசிய மொழியில் அமைந்த அவருடைய தமிழிலக்கணம். அயல்நாட்டார் தமிழுக்கு எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கணம் இதுவே. லிஸ்பன் நகரில் கையெழுத்துப்படியாகவே கிடந்த அந்நூலை 1982இல் ஜெர்மன் அறிஞர் ஹான்ஸ் ஃபெர்மேர் பதிப்பித்தார்; 2013இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகிய இருவரும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அடிகளாரின் மொழிபெயர்ப்பே என்பதை நாம் அறிவோம். அந்நூலுக்குப் பின்னால் முப்பதாண்டு இலக்கணப் பயிற்சி இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

லத்தீன் அச்சில் தமிழை வார்த்தது குறையா எனின், தொடக்கத்தில் அது தவிர்க்கவொண்ணாதது என்க. தெரிந்ததைக் கொண்டே தெரியாததை அளக்க இயலும். ஆயினும் அளவுகோலையே பொருளாகக் கொள்ளும் இடர் அங்கே ஒளிந்துள்ளது. தமிழ் வினை லத்தீன் வினையைப் போன்றதன்று. 'நடந்தான்' என்பதில் 'நட' பகுதி. 'ஆன்' திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் இடைநிலையே காலத்தைக் காட்டுகிறது. அவ்விடைநிலை எல்லா வினைக்கும் ஒன்றாயிருப்பதில்லை. செய்தான், நடந்தான், படித்தான், ஓடினான், விட்டான், சென்றான் என ஆறு சொற்களை வரிசைப்படுத்தினாலே கற்பவர் திகைப்பார். 'ஓடு' என்பது 'ஓடினான்' ஆகிறது. 'விடு' என்பது 'விட்டான்' ஆகிறது. முதலெழுத்து நெடிலாயின் 'இன்' வரும், குறிலாயின் ஒற்று இரட்டிக்கும் என அவர் விதி கண்டு மகிழ்வார். ஆடினான், பாடினான், நாடினான் என்பனவும், இட்டான், தொட்டான், நட்டான் என்பனவும் அவ்விதிக்கு அடங்கும். பின்னர் 'போடு' என்பது 'போட்டான்' என வந்து அவ்விதியைக் குலைக்கும்.

2. தரங்கம்பாடியும் ஏலாக்குறிச்சியும்

1706 ஜூலை மாதம் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர், சிறுவர் பயிலும் பள்ளியில் அவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். உள்ளூர் ஆசிரியர் ஒருவரும், போர்ச்சுகீசியம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் அவருக்குத் துணைநின்றனர். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறி முடிந்தது. அடுத்த ஆண்டு, அவர் ஐரோப்பா சென்றிருந்தபோது, லத்தீன் மொழியில் எழுதிய தமிழிலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. திருமறை மொழிபெயர்ப்பு முந்தியும் இலக்கண நூல் பிந்தியும் அச்சேறிய இவ்வரிசை கருதத்தக்கது. பேச்சும் ஏடும் தந்த பழக்கமே மொழிபெயர்ப்பைத் தாங்கிற்று. அப்பழக்கத்தைப் பின்வருவோர்க்குக் கையளிக்கவே இலக்கணம் பிறந்தது.

வீரமாமுனிவர் எனத் தமிழகம் போற்றும் பெஸ்கி அடிகளார் 1728இல் கொடுந்தமிழ், அஃதாவது பேச்சுவழக்குத் தமிழ், பற்றி லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதி முடித்தார். ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய அவர் தரங்கம்பாடி லுத்தரன் தொண்டரின் கொள்கைகளைக் கடுமையாக மறுத்து எழுதியவர். அங்ஙனமிருந்தும் அவ்விலக்கணத்தை 1738இல் தங்கள் அச்சகத்திலேயே அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடித் தொண்டர்களே! கோட்பாட்டில் எதிர்முனையில் நின்றோர் வினைத்திரிபுக்கு அவர் வகுத்த விளக்கம் மெய்யானது எனக் கண்டு ஏற்றனர். சமயப் பூசல் மலிந்த அந்நூற்றாண்டில் மொழியறிவு இவ்வாறு ஒரு பாலமாய் நின்றது நம் சிந்தனைக்குரியது.

சென்னைக் கோட்டையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள வேப்பேரியில் பணிபுரிந்த ஃபப்ரீசியஸ் ஐயர் 1779இல் தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொணர்ந்த அச்சுப்பொறி வேப்பேரியில் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. பின்வந்தோரால் விரிவாக்கப்பெற்ற அவ்வகராதியின் நான்காம் பதிப்பு 1972இல் தரங்கம்பாடியிலிருந்து வெளிவந்து இன்றளவும் பயன்படுகிறது.

3. நன்னூலார் வகுத்ததும் கிரவுல் வகுத்ததும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலிற் கால இடைநிலைகளைத் தொகுத்துரைத்தார். த், ட், ற், இன் ஆகியன இறந்தகாலத்துக்கும், ஆநின்று, கின்று, கிறு ஆகியன நிகழ்காலத்துக்கும், ப், வ் ஆகியன எதிர்காலத்துக்கும் உரியன என்பது அவர் வகுப்பு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு இது போதும். எவ்வினை எவ்விடைநிலை கொள்ளும் என்பதை அவர் செவி சொல்லிவிடும். அச்செவி வாய்க்கப்பெறாத அயலார்க்கோ வேறொரு கருவி தேவைப்பட்டது.

ரேனியஸ் ஐயர் 1836இல் சென்னையில் வெளியிட்ட ஆங்கில வழித் தமிழிலக்கணமும், போப் ஐயரின் கைந்நூல்களும் இத்தேவையை நிறைவேற்ற முயன்றன. 1855இல் லைப்சிக் நகரிலிருந்து கார்ல் கிரவுல் வெளியிட்ட இலக்கணச் சுருக்கம் தமிழ் வினைகளை ஏழு வகுப்புகளாகப் பிரித்தது. செய்தேன், அறிந்தேன், ஓடினேன், விட்டேன், கேட்டேன், படித்தேன், நடந்தேன் என்னும் ஏழு சொற்களை அவ்வகுப்புகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'அறிந்தேன், நடந்தேன்' இரண்டும் ஒரே இறந்தகால இடைநிலை கொள்வனபோற் காணினும், 'அறிகிறேன், அறிவேன்' எனவும் 'நடக்கிறேன், நடப்பேன்' எனவும் பிற காலங்களில் வேறாகின்றன. ஆதலின் அவை இரு வகுப்பாயின. ஒரு வினையின் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் மூன்றையும் சேர்த்துக் கற்றாலன்றி அதைக் கற்றதாகாது என்பது இவ்வகுப்பின் உட்பொருள். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி ஒவ்வொரு வினைக்கும் இவ்வடிவங்களை உடன்தந்ததும் இக்கருத்துப் பற்றியே. ஆர்டன் ஐயர் 1891இல் வெளியிட்ட படிமுறை இலக்கணம் வல்வினை, இடைவினை, மெல்வினை என மூன்றாகப் பகுத்து, கற்பவர் சுமையை மேலும் குறைத்தது.

இஃது ஓர் ஒற்றெழுத்துப் பற்றிய ஆராய்ச்சிதானே என எண்ணலாகாது. 'அழிகிறவர்' என்பதற்கும் 'அழிக்கிறவர்' என்பதற்கும் இடையே உள்ளது ஒரு ககர ஒற்றே. பவுலடியார் 1 கொரிந்தியர் 1:18இற் குறிப்பிடுவது முதல் சாராரை. படிப்பவர் ஒற்றை மிகுத்து ஒலித்தால் அழிவுக்குள்ளாகும் மக்கள் அழிவு செய்யும் மக்களாகிவிடுவர். 'சேர்ந்தார், சேர்த்தார்' என்பதும் அத்தகையதே. நாம் சபையிற் சேர்ந்தோமா, ஆண்டவர் நம்மைச் சேர்த்தாரா என்னும் வினாவின் விடை ஒரு மெல்லினத்திலும் ஒரு வல்லினத்திலும் தங்கியிருக்கிறது.

4. மணிலாவில் நிகழ்ந்தது

இதே காலப்பகுதியில் கீழ்த்திசைக் கடலுக்கப்பால் பிலிப்பைன் தீவுகளிலும் இதையொத்த முயற்சி நடைபெற்றது. 1571இல் மணிலாவைத் தலைநகராக்கிய ஸ்பானியருடன் வந்த துறவியர் அப்பகுதி மக்களின் தகாலோகு மொழியைக் கற்றனர். 1593இல் அம்மொழியில் ஞானோபதேச நூல் ஒன்று அச்சாயிற்று. 1610இல் தொமினிக்க சபைத் துறவி பிளாங்காஸ் தே சான் ஹோசே அம்மொழியின் இலக்கணத்தை வெளியிட்டார். அதை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்னும் தகாலோகர். அவர் அதே ஆண்டில் தம் மக்கள் ஸ்பானியம் கற்பதற்கென்று தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார் என்பது வியப்புக்குரியது. அயலார் மொழியைத் தம் மக்கள் தாமே கற்று ஆளவேண்டும் என்னும் எண்ணம் அச்சுக்கூடத்துக்குள்ளேயே முளைத்துவிட்டது.

தகாலோகு வினை அமைப்பு நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்றும். 'சுலாத்' என்பது எழுதுதலைக் குறிக்கும் பகுதி. எழுதி முடித்தார் எனின் 'சுமுலாத்'. எழுதிக்கொண்டிருக்கிறார் எனின் 'சுமுசுலாத்'. எழுதவிருக்கிறார் எனின் 'சுசுலாத்'. இங்கே நடப்பவை இரண்டு. பகுதியின் முதல் மெய்க்குப் பின் 'உம்' என்னும் ஒட்டு உள்ளே நுழைவது ஒன்று. முதல் அசை இரட்டிப்பது மற்றொன்று. ஒட்டு, செயல் தொடங்கிவிட்டது எனக் காட்டும். இரட்டித்தல், அது இன்னும் முடியவில்லை எனக் காட்டும். ஒட்டு மட்டும் நின்றால் தொடங்கி முடிந்த செயல். இரண்டும் சேர்ந்தால் தொடங்கி முடியாத செயல். இரட்டித்தல் மட்டும் நின்றால் இன்னும் தொடங்காத செயல். யார், எத்தனை பேர் எனக் காட்டும் விகுதி அவ்வினையில் இல்லை.

ஐரோப்பியர் இவற்றை இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனப் பெயரிட்டே நெடுங்காலம் கற்பித்தனர். ஆனால் அவ்வடிவங்கள் நேற்று, இன்று, நாளை என்னும் நாள்முறையைக் காட்டிலும் செயலின் நிறைவையும் நிறைவின்மையையுமே குறிக்கின்றன. 1917இல் லெனர்ட் புளூம்ஃபீல்டும் 1972இல் ஷாக்டர், ஒட்டானெஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவுறுத்தின. பிறர்மொழியில் நம் மொழியின் மூன்று அறைகளைத் தேடினால் மூன்று அறைகளே நமக்குத் தென்படும். வீட்டின் உண்மை அமைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும்.

5. நம் மொழியிலும் மூலமொழிகளிலும்

தமிழின் முக்காலப் பகுப்பும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. தொல்காப்பியர் காலம் மூன்று என்றே வகுத்தாராயினும், 'செய்யும்' என்னும் வினை நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவாய் நின்ற நிலையையும் காட்டுகிறார். 'கிறு, கின்று' என்னும் நிகழ்கால இடைநிலைகள் சங்கச் செய்யுட்களில் மிக அரியன, பிற்காலத்திலேயே பெருவழக்காயின. ஆகவே பழந்தமிழ் வினை, இறந்தகாலம், இறவாக்காலம் என்னும் இருமைப் பகுப்பையே அடிப்படையாகக் கொண்டது என மொழியியலார் பலர் கருதுவர். இன்றைய தமிழும் 'எழுதிவிட்டான், எழுதியிருக்கிறான், எழுதிக்கொண்டிருக்கிறான்' எனத் துணைவினைகளால் நிறைவையும் தொடர்ச்சியையும் நுட்பமாகக் காட்டவல்லது.

எபிரெயம் கற்கும் மாணவர் இங்கே தம் பாடத்தை நினைவுகூர்வர். எபிரெய வினையின் இரு பெரும் வடிவங்களும் முற்றிய செயல், முற்றாச் செயல் என்னும் வேறுபாட்டைக் காட்டுவன என டிரைவர் 1874இல் வெளியிட்ட நூல் விரித்துரைத்தது. இக்கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் திருத்தினும், அவ்வடிவங்களை நம் முக்காலத்தோடு நேருக்கு நேர் பொருத்தலாகாது என்பதில் ஐயமில்லை. வரவிருக்கும் மீட்பைப் பற்றி ஏசாயா 9:6 பேசும்போது, முற்றிய செயலுக்குரிய வடிவத்தைக் கையாள்கிறது. மேலைநாட்டு ஆசிரியர் இதைத் தீர்க்கதரிசன முற்று எனத் தனிப் பெயரிட்டு விளக்குவர். தமிழ் மாணவர்க்கோ இது புதிதன்று. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் பிறிதொரு காலமாகச் சொல்லப்படலாம் என நன்னூலார் கால வழுவமைதி கூறினார். உண்ண அழைக்கப்பட்டவர் அறையைவிட்டு எழுமுன்னரே 'வந்துவிட்டேன்' என்பது விரைவு பற்றியது. தீர்க்கர் வருவதை வந்ததாகக் கூறுவது தெளிவு பற்றியது. நம் இலக்கண மரபிலேயே கையிருப்பாக உள்ள இத்திறவுகோலை விட்டு, அயல்மொழி வழியாகவே மூலமொழியை அணுகுவது வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு ஊருணிக்குக் குடம் தூக்குவதை ஒக்கும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். முக்காலத்துக்கும் பொதுவான இயற்கைப் பொருளை நிகழ்காலத்தால் உரைப்பது தமிழ் மரபு. 'மலை நிற்கும்' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. யாத்திராகமம் 3:14இல் இறைவன் தம்மை வெளிப்படுத்தும் வினை எபிரெயத்தில் முற்றா வடிவில் உள்ளது. அதை நிகழ்காலத்தில் வைத்த தமிழ் மொழிபெயர்ப்பு, இம்மரபின் துணையால், இன்று மட்டும் இருப்பதை அன்றி என்றும் இருப்பதையே உணர்த்துகிறது. ஆயினும் எபிரெயத்தில் அடங்கியுள்ள 'இனியும் உடனிருப்பேன்' என்னும் எதிர்நோக்கை ஆயர் தம் அருளுரையில் எடுத்துக்காட்டாவிடில் ஒரு பாதியே சபைக்குச் சென்று சேரும். தமிழ் எதிர்மறை வினையையும் கருதுக. 'கைவிடான்' என்பதில் கால இடைநிலை ஏதுமில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, இனியும் இல்லை என அது முக்காலத்தையும் ஒருங்கே மறுக்கிறது. இவ்வசதி எல்லா மொழிக்கும் வாய்த்ததன்று.

6. பெயர் மறைந்த ஆசிரியர்கள்

இதுகாறும் நாம் கூறிய இலக்கண நூல்களின் முகப்பில் ஐரோப்பியர் பெயர்களே உள்ளன. ஆனால் 'போட்டான்' என்பது சரி, 'போடினான்' என்பது பிழை எனத் திருத்தியவர்கள் யாவர்? புன்னைக்காயற் பரதவர், தரங்கம்பாடிப் பள்ளி ஆசிரியர், வேப்பேரி உபதேசியார், வீட்டு வேலை செய்த பெண்கள் என எத்தனையோ பேருடைய செவியும் நாவுமே அந்நூல்களுக்கு மூலம். திருப்பாற்கடல்நாதன் கவிராயர் ரேனியஸ் ஐயருக்குத் தமிழ் கற்பித்தவர் என்பதைப் போல ஒருசில பெயர்களே நமக்கு எஞ்சியுள்ளன. கற்றவரைப் போற்றிக் கற்பித்தவரை மறப்பது திருச்சபை வரலாற்றெழுத்தில் நெடுநாளாக உள்ள குறை. அதை நீக்குவது இன்றைய மாணவர் கடமை.

இக்குறை நம்மால் மீண்டும் நேராதிருக்கவேண்டும். ராஜ்மகால் மலைகளில் வழங்கும் மால்தோ மொழி திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே அம்மொழி இடம்பெற்றது. டிரோசி ஐயர் 1884இல் அதற்கு ஓர் இலக்கணம் எழுதினார். அம்மக்களிடையே பணிபுரியச் செல்லும் தமிழர், உறவுமொழி என்பதால் எளிது என எண்ணிவிடலாம். உறவுமொழியே பெரிதும் ஏமாற்றவல்லது. கேட்ட சொல்போல் ஒலித்து வேறு காலத்தைக் காட்டும். அங்குத் தமிழ்த் தொண்டரைத் திருத்தும் மலைவாழ் முதியவரின் பெயர் அவர் எழுதும் நூலின் முகப்பில் இடம்பெறுமாயின், நாம் வரலாற்றிலிருந்து கற்றோம் எனலாம்.

நிறைவுரை

கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, வினையைக் கற்பதற்கு நாட்கள் வேண்டும். என்றீக்கசு அடிகளாருக்கு இலக்கணத்திலிருந்து அச்சு நூலுக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்றன. ஓராண்டு மொழிப்பயிற்சியையே வீண்செலவாகக் கருதும் குழுக்கள் இதை எண்ணிப்பார்க்கவேண்டும். இரண்டாவது, நம் மொழியின் அச்சைப் பிறர்மொழிமேற் சுமத்தலாகாது. அது தகாலோகருக்கும் பொருந்தும், எபிரெயருக்கும் பொருந்தும், நம் தெருவில் வாழும் ஒடியருக்கும் பொருந்தும். மூன்றாவது, கற்பிப்பவரை மதித்துக் கற்கவேண்டும்.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிச் சபைகளில் வடநாட்டுத் தொழிலாளர் ஒருசிலர் பின்வரிசையில் அமர்ந்து, புரியாத வழிபாட்டைப் பொறுமையோடு கேட்டுச் செல்கின்றனர். அவர்கள் தமிழ் கற்கட்டும் எனக் காத்திருப்பது எளிது. அவர்கள் மொழியில் 'வந்தீர்களா, இருக்கிறீர்களா, மீண்டும் வருவீர்களா' என்னும் மூன்று கேள்விகளையாவது ஆயரும் சபை மூப்பரும் கற்றுக் கேட்பாராயின், தரங்கம்பாடி மணலில் தொடங்கிய பாடம் நம்மிடமும் தொடரும்.